பட்டு நகரத்தின் சாக்கடைக் கணக்கு

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை காஞ்சிபுரம் எப்படி இருந்தது என்பது யாருக்கும் மறந்திருக்காது. நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை வெளியே வரும் அத்திவரதரைப் பார்க்க ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்தார்கள் என்று கணக்குச் சொன்னார்கள். 48 நாள் முடிந்து அவர் மறுபடியும் அனந்தசரஸ் குளத்துக்குள் போகும் நேரத்தில் ஒரு கேள்வி எழுந்தது. குளத்தை எந்தத் தண்ணீரால் நிரப்புவது? அந்தத் தண்ணீர் சுத்தமானதுதானா? விஷயம் உயர்நீதிமன்றம் வரைக்கும் போனது. சாமி படுத்திருக்கப் போகும் தண்ணீர் ஆயிற்றே, கேட்க வேண்டியதுதான்.

அதே காஞ்சிபுரத்தில் மஞ்சள் நீர்க் கால்வாய் என்று ஒன்று ஓடுகிறது. பெயரில்தான் மஞ்சள். மழைநீர் வடிவதற்கான இந்தக் கால்வாயில் வீட்டுச் சாக்கடையும் சாயப்பட்டறைத் தண்ணீரும் கலந்து வருவது பல வருஷமாகச் செய்தித்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. அது போய்ச் சேரும் இடம் நத்தப்பேட்டை ஏரி. ஏரிக்குப் பக்கத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள், ஆடு மாடு இருக்கிறது, கிணறு இருக்கிறது. அந்தத் தண்ணீரின் தரம் என்ன என்று இவ்வளவு அவசரமாக யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அங்கே சாமி இல்லை, அவ்வளவுதான்.

கேட்கிற சிலரும் தப்பான கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "கழிவுநீரைச் சுத்தம் செய்ய எந்த டெக்னாலஜி பெஸ்ட்?" இது மெஷின் விற்பவன் கேட்கச் சொல்லிக்கொடுத்த கேள்வி. அவனிடம் பதில் தயாராக இருக்கும், கூடவே கொட்டேஷனும் இருக்கும். ஊர்க்காரர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது? அதை எந்த உயிர் தின்னும், எதைத் தின்னாது? பத்தாவது வருஷம் கரண்ட் பில்லை யார் கட்டுவார்கள்?

முதலில் தண்ணீரில் என்ன இருக்கிறது?

காஞ்சிபுரத்தின் கழிவுநீர் ஒன்றல்ல, மூன்று.

முதலாவது எல்லா ஊரிலும் உள்ள வீட்டுச் சாக்கடை. மலம், குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர். இதில் அழுக்கு எவ்வளவு என்பதை பி.ஓ.டி. என்ற அளவால் சொல்வார்கள். அந்த அழுக்கைத் தின்று முடிக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதுதான் அது. சாதாரணச் சாக்கடையில் லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் இருக்கும். இதை அப்படியே ஏரியில் விட்டால், ஏரித் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் முழுவதையும் நுண்ணுயிர்கள் உறிஞ்சிவிடும். மீன் சாகும், தண்ணீர் கறுக்கும், நாறும்.

இரண்டாவது, பட்டு அவித்த தண்ணீர். பட்டுப்பூச்சி கூடு கட்டும்போது இழையை ஒட்டவைக்க ஒரு கோந்தைச் சேர்த்துத்தான் கட்டுகிறது. செரிசின் என்று பெயர். சோப்பும் சோடாவும் போட்டு நூலைக் கொதிக்கவைத்தால்தான் அது கரைந்து பட்டுக்கு மினுமினுப்பு வரும். ஒரு கிலோ கச்சாப் பட்டை அவித்தால் கிட்டத்தட்ட கால் கிலோ தண்ணீரோடு போய்விடுகிறது. செரிசின் ஒரு புரதம். நுண்ணுயிருக்கு அது விருந்து. ஆனால் விருந்து அதிகமானால் என்ன ஆகும் என்பது மேலே சொன்ன ஏரியின் கதைதான்.

மூன்றாவது, சாயத் தண்ணீர். சாயம் என்பது துவைத்தாலும் வெயிலில் போட்டாலும் போகக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்யப்பட்ட சரக்கு. புடவை வாங்குபவர் "சாயம் போகுமா?" என்று கேட்டுத்தான் வாங்குகிறார். புடவையில் போகாத சாயம் சாக்கடையில் மட்டும் சட்டென்று போய்விடுமா?

இந்த மூன்றையும் ஒரே கால்வாயில் ஊற்றிவிட்டு "எந்த டெக்னாலஜி பெஸ்ட்?" என்று கேட்பது, சோறு, எண்ணெய், ஆணி மூன்றையும் ஒரே பானையில் போட்டுவிட்டு எந்த அடுப்பு நல்லது என்று கேட்பது போல.

குளமா, காற்றா, காற்றில்லாமலா?

உயிரியல் முறை என்று சொல்லும்போது எல்லா முறையிலும் வேலைக்காரன் ஒருவன்தான், பாக்டீரியா. அவனுக்கு ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது, அவனுக்கு எவ்வளவு இடமும் நேரமும் கொடுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

மிகப் பழைய முறை குளம். ஆழமான குளம் ஒன்று, ஆழம் குறைந்த குளங்கள் இரண்டு மூன்று, வரிசையாக. சூரிய வெளிச்சத்தில் பாசி வளரும். பாசி ஆக்சிஜன் விடும், பாக்டீரியா அதை வைத்து அழுக்கைத் தின்னும், பாக்டீரியா விடும் கரியமில வாயுவைப் பாசி எடுத்துக்கொள்ளும். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. தண்ணீர் பல நாள் தங்கிப் போவதால் நோய்க் கிருமிகளும் குடற்புழு முட்டைகளும்கூட ஏறக்குறைய ஒழிந்துவிடும். இதில் குளோரின் இல்லாத நவீன மெஷின்கள்கூட இதனிடம் தோற்கும். விலை என்ன? நிலம். ஒரு எம்.எல்.டி.க்கு, அதாவது ஒரு நாளைக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு, ஒரு ஹெக்டேரோ அதற்கு மேலோ தேவைப்படும். வெளிவரும் தண்ணீரில் பாசி இருக்கும். சில வருஷத்துக்கு ஒருமுறை தூர் வாராவிட்டால் குளம் மேடாகிவிடும். வாருவார்களா என்பது உள்ளூர் அரசியல்.

அடுத்தது 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் அறிவித்த ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் முறை. சாக்கடைக்குள் காற்றை ஊதி, அதில் உண்டாகும் பாக்டீரியாக் கசட்டை வெளியே கொட்டாமல் திரும்பத் திரும்பத் தொட்டிக்கே அனுப்புவது. குளத்துக்குப் பல நாள் ஆகும் வேலை இங்கே சில மணி நேரத்தில் முடியும். அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபௌலர் 1916-இலேயே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்துவிட்டார். "இந்தியாவில் டெக்னாலஜி இல்லை" என்பவர்கள் இந்த வருஷத்தைக் குறித்துக்கொள்ளலாம். நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. ஆனால் இந்த முறையில் காற்று ஊதும் மோட்டார் இரவு பகலாக ஓட வேண்டும். நின்றால் பாக்டீரியா மூச்சுத் திணறிச் சாகும். சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் கசட்டிலிருந்து எரிவாயு எடுத்து, அதில் மின்சாரம் தயாரித்து இந்தச் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டுகிறார்கள். பெரிய ஊருக்கு அது முடியும். சின்ன ஊருக்கு அந்த அளவு கசடே சேராது.

இதன் பேரன்தான் இப்போது டெண்டரில் ராஜாவாக இருக்கும் எஸ்.பி.ஆர். நிரப்புவது, காற்று ஊதுவது, படியவிடுவது, தெளிந்ததை வடிப்பது எல்லாம் ஒரே தொட்டியில், முறை வைத்து, கம்ப்யூட்டர் சொல்கிறபடி நடக்கும். குளத்துக்கு வேண்டிய நிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போதும். வெளிவரும் தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், நைட்ரஜனும் குறையும். நல்ல முறைதான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் சென்சார் கெட்டால் கம்பெனிக்காரன் வரவேண்டும், வால்வு போனால் ஸ்பேர் வரவேண்டும், இரண்டு நாள் கரண்ட் போனால் எல்லாமே போச்சு. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வைக்கும் எம்.பி.பி.ஆர். முறையில் பிளாஸ்டிக் துண்டுகளைத் தொட்டியில் மிதக்கவிட்டு, அதன்மேல் பாக்டீரியாவை வளர்ப்பார்கள். அதற்கும் காற்று ஊதித்தான் ஆகவேண்டும்.

இதற்கு நேர் எதிரானது காற்றில்லா முறை. நெதர்லாந்தின் லெட்டிங்கா 1970-களில் உருவாக்கிய யு.ஏ.எஸ்.பி. தொட்டியில் சாக்கடை கீழிருந்து மேலே ஏறும். நடுவில் போர்வை மாதிரி கசடு மிதக்கும், அதில் உள்ள பாக்டீரியாக்கள் ஆக்சிஜன் இல்லாமலே அழுக்கைத் தின்று மீத்தேன் வாயு விடும். கரண்ட் மிகக் குறைவு, மிஞ்சும் கசடும் பல மடங்கு குறைவு. குளிர்நாட்டில் இது திணறும், நம்மூர் வெயிலுக்குச் சுகமாக வேலை செய்யும். 1989-இல் கங்கைத் திட்டத்தில் கான்பூரில் 5 எம்.எல்.டி. அளவில் வைத்துப் பார்த்தார்கள். குறை என்னவென்றால் இது முக்கால் கிணறுதான் தாண்டும். மீதியைத் தாண்ட பின்னால் ஒரு குளமோ, காற்றுத் தொட்டியோ வேண்டும். வாயுவைப் பிடிக்காமல் விட்டால் நாற்றமும் வரும், பூமியும் சூடாகும்.

கடைசியாக, செடிப் படுகை. ஜல்லியும் மணலும் பரப்பி அதில் நாணல், சம்பு, கல்வாழை நட்டு, தொட்டிகளில் ஏற்கெனவே பாதி சுத்தமான தண்ணீரை வேர்களுக்கு நடுவே விடுவது. ஆரோவில்லில் இப்படிப் பல படுகைகள் உண்டு. ஒரு தெருவுக்கு, ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பொருத்தமானது. ஒரு நகரத்தையே அதன் தலையில் கட்ட முடியாது.

ஆக, எது பெஸ்ட்? எதுவும் இல்லை. நிலம் இருந்து பணம் இல்லாதவனுக்குக் குளம். பணம் இருந்து நிலம் இல்லாதவனுக்கு எஸ்.பி.ஆர். அழுக்கு கெட்டியாக இருந்தால் காற்றில்லா முறை. இதை ஒரு மாலை நேரத்தில் படித்துத் தெரிந்துகொள்ளலாம். பிரச்சினை இங்கே இல்லவே இல்லை.

கட்டுவதற்குக் காசு, ஓட்டுவதற்குப் பூட்டு

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. இந்திய நகரங்களில் ஒரு நாளைக்கு உண்டாகும் கழிவுநீர் 72,368 எம்.எல்.டி. கட்டி நிறுத்தியிருக்கும் நிலையங்களின் கொள்ளளவு 31,841 எம்.எல்.டி. உண்மையில் சுத்தமாவது 20,236 எம்.எல்.டி.

முதல் எண்ணைப் பார்த்து எல்லோரும் "இன்னும் நிலையம் கட்டு" என்று கத்துகிறார்கள். இரண்டாவதையும் மூன்றாவதையும் கழித்துப் பார்க்க வேண்டும். 11,605 எம்.எல்.டி. கட்டியும் பயன்படவில்லை! போட்ட முதலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சும்மா நிற்கிறது. ஒரு கம்பெனி மெஷின் வாங்கி மூன்றில் ஒன்றைத் துணி போட்டு மூடி வைத்திருந்தால் பங்குதாரர்கள் சும்மா விடுவார்களா? நகராட்சியின் பங்குதாரர்கள் யார்? வரி கட்டும் ஜனங்கள்தான். அவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் காட்டுவதில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு இன்ஜினியரிங் படிக்கத் தேவையில்லை, பி.காம். முதல் வருஷப் பாடம் போதும். முதலீட்டுச் செலவு வேறு, நடப்புச் செலவு வேறு. கட்டுவதற்கு மத்திய அரசுத் திட்டம் உண்டு, மாநில அரசின் பங்கு உண்டு, உலக வங்கிக் கடன்கூட உண்டு. அடிக்கல், திறப்பு விழா, கல்வெட்டில் பெயர் எல்லாம் உண்டு. ஓட்டுவதற்கு? அது உள்ளாட்சியின் தலையில். கரண்ட் பில்லுக்கு யாரும் ரிப்பன் வெட்டமாட்டார்கள்.

ஒரு உதாரணக் கணக்கு. காற்று ஊதும் முறைகளில் ஆயிரம் லிட்டருக்குப் பொதுவாக 0.3 முதல் 0.6 யூனிட் கரண்ட் ஆகும். 10 எம்.எல்.டி. நிலையம் என்றால் நாளைக்கு 3,000 முதல் 6,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 24,000 முதல் 48,000 ரூபாய். வருஷத்துக்கு 87.6 லட்சம் முதல் 1.75 கோடி. இது கரண்டுக்கு மட்டும். ஆள் சம்பளம், ஸ்பேர், கசடு அள்ளும் செலவு, தேய்மானம் எல்லாம் தனி. குழாய் வரியையே ஒழுங்காக வசூலிக்க முடியாத ஒரு உள்ளாட்சி, பணமுடை வரும்போது முதலில் எதை நிறுத்தும்? தெருவிளக்கை நிறுத்தினால் கவுன்சிலரைத் திட்டுவார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஊருக்கு வெளியே ஒரு மோட்டாரை நிறுத்தினால் யாருக்குத் தெரியும்? ஏரிக்கு மட்டும்தான் தெரியும், அதற்கு ஓட்டு இல்லை.

டெண்டரில் முறைகளை ஒப்பிடும்போது கட்டும் செலவை மட்டும் பார்ப்பது மோசடி. இருபது வருஷ ஓட்டும் செலவையும் சேர்த்துப் பார்த்தால் "நிலம் விலை அதிகம், குளம் கட்டுப்படியாகாது" என்ற வாதம் பல ஊர்களில் கவிழ்ந்துவிடும். நிலத்துக்குத் தேய்மானமே கிடையாது என்பதும் முதல் வருஷப் பாடம்தான்.

கலந்தவன் கெட்டான்

கான்பூரின் ஜாஜ்மவ் பகுதியில் 1994-இல் 36 எம்.எல்.டி. காற்றில்லா நிலையம் ஒன்றைத் தொடங்கினார்கள். தோல் பதனிடும் கழிவு 9 பங்கு, அதை நீர்க்கவைக்க வீட்டுச் சாக்கடை 27 பங்கு. காகிதத்தில் அழகான யோசனை. ஆனால் குரோமியம் ஒரு உலோகம். பாக்டீரியா அதைத் தின்னாது. தண்ணீரிலோ கசட்டிலோ அது இருந்தே தீரும். அந்தத் தண்ணீர் பாசனத்துக்குப் போனது, வயலில் குரோமியம் சேர்ந்தது. வீட்டுச் சாக்கடையாக மட்டும் இருந்திருந்தால் உரமாகியிருக்கக்கூடிய தண்ணீர், கலந்ததால் விஷமானது.

கசட்டை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கான்பூர் வரை போகவேண்டாம். பாலாற்றில் மேலே போனால் ராணிப்பேட்டை. 2015 ஜனவரி 31 அன்று சிப்காட்டில் தோல் கழிவுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கியிருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கசட்டில் மூழ்கிச் செத்தார்கள். "தண்ணீர் சுத்தமாகிவிட்டது" என்று சொல்பவரிடம் "கசடு எங்கே?" என்று கேட்க வேண்டும். பாதிப் பேர் முழிப்பார்கள்.

காஞ்சிபுரத்தின் சாயத்துக்கு வரலாம். இன்றைய சாயங்களில் பெரும்பங்கு அசோ வகை. இரண்டு நைட்ரஜன் அணுக்களின் பிணைப்புதான் அதன் நிறத்துக்கு அஸ்திவாரம். காற்று ஊதும் தொட்டியில் பாக்டீரியா இதைச் சுலபத்தில் உடைக்காது. நிறத்தில் ஒரு பங்கு கசட்டில் ஒட்டிக்கொள்ளும், மீதி அப்படியே வெளியே வரும். காற்றில்லாத் தொட்டியில் அந்தப் பிணைப்பு உடையும், நிறம் மறையும். பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள். ஆனால் உடைந்த துண்டுகள் அமைன்கள். அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. அப்படிப் பிரியக்கூடிய பல அசோ சாயங்களை மத்திய அரசு 1997-இல் தடை செய்ததற்கே அதுதான் காரணம். இந்த அமைன்களில் பலவற்றைத் தின்ன மறுபடியும் காற்றுள்ள தொட்டி வேண்டும். ஆக சாயத் தண்ணீருக்கு ஒரே ஒரு முறை என்று எதைச் சொன்னாலும் தப்பு. முதலில் காற்றில்லாமல், பிறகு காற்றோடு. இந்த வரிசை மாறக்கூடாது. நிறம் போனது என்பதற்காகப் பாதியில் நிறுத்துவது, சிவப்பாகத் தெரிந்த ஆபத்தைக் கண்ணுக்குத் தெரியாத ஆபத்தாக மாற்றுவது மட்டும்தான்.

இன்னொரு தப்பான யோசனையும் உலவுகிறது. "திருப்பூர் மாதிரி சொட்டு நீர்கூட வெளியே விடாத முறையைக் கொண்டுவா, இல்லாவிட்டால் பட்டறையை மூடு." திருப்பூரின் நோய் வேறு. அங்கே பருத்திக்குச் சாயம் ஏற்ற உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டினார்கள். பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமானது அப்படித்தான். உப்பைத் தின்னும் பாக்டீரியா உலகத்தில் கிடையாது. அதனால்தான் சவ்வு வடிகட்டி, கொதிகலன் என்று போக வேண்டியிருந்தது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு நிலைமை முற்றியது. பட்டுக்கு ஏற்றுவது பெரும்பாலும் அமிலச் சாயம். வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலம் மாதிரி ஒன்றும் வெந்நீரும்தான் முக்கியம், பருத்தி அளவுக்கு உப்பு வேண்டியதில்லை. காஞ்சிபுரத்தின் கழிவில் பெரும்பகுதி உயிர்கள் தின்னக்கூடியது. அதை வீட்டுச் சாக்கடையோடு கலக்காமல் இருந்தால்!

இடம் எங்கே, நாற்றம் அடிக்காதா, சட்டம் விடுமா?

எதிர்வாதங்களும் இருக்கின்றன, எல்லாம் முட்டாள்தனமானவை அல்ல.

கோயிலும் வீடும் நெருக்கியடிக்கும் ஊரில் குளத்துக்கு இடம் எங்கே என்கிறார்கள். ஊருக்கு நடுவில் இல்லை, உண்மை. அங்கே சின்ன இடத்தில் அடங்கும் மெஷின்தான் சரி. ஆனால் ஏரிகளால் பெயர் வாங்கிய மாவட்டத்தில் ஊர் எல்லைக்கு வெளியே இடமே இல்லை என்பது நம்பும்படி இல்லை. மனை போட இடம் கிடைக்கிறதே! கல்கத்தாவின் கிழக்கே 12,500 ஹெக்டேர் சதுப்புநிலத்தில் மாநகரத்தின் சாக்கடை மீன் குளங்களில் சுத்தமாகிறது, மீனும் காய்கறியும் ஊருக்குத் திரும்புகிறது. 2002-இல் அது ராம்சார் பட்டியலிலேயே ஏறிவிட்டது.

நாற்றமும் கொசுவும் இருக்கும் என்கிறார்கள். சரியாக வடிவமைத்து, அளவுக்கு மேல் ஊற்றாமல், தூர் வாரினால் குளம் நாறாது. இப்போது கால்வாய் மணக்கிறதா என்ன?

சட்டம் விடாது என்கிறார்கள். இதுதான் பலமான வாதம். 2017-இல் மத்திய அரசு மாநகரங்களுக்கு வெளியே பி.ஓ.டி. 30 வரை அனுமதித்தது. 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 10-ஆகக் குறைக்கச் சொன்னது. வெறும் குளம் 10-ஐத் தொடுவது கஷ்டம். ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் காகிதத்தில் 10 எழுதி, மோட்டாரை நிறுத்தி, 200-ஐ ஏரியில் விடுவதைவிட, வருஷம் 365 நாளும் 30 விடுவது ஏரிக்கு நல்லதில்லையா? மெஷின், அதற்குப் பின்னால் காவலுக்கு ஒரு குளம் அல்லது செடிப் படுகை என்று வைத்தால், மெஷின் படுத்த நாளிலும் முழுச் சாக்கடை ஏரிக்குள் இறங்காது.

இருபது ரூபாய்

செய்ய வேண்டியது நாலே விஷயம்.

ஒன்று, சாயத் தண்ணீர் சாக்கடையில் சேரவே கூடாது. அவித்த தண்ணீரும் சாயத் தண்ணீரும் தனிக் குழாயிலோ, லாரியிலோ ஒரு பொது நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே காற்றில்லாத் தொட்டி, பிறகு காற்றுத் தொட்டி. அவித்த தண்ணீரில் இருக்கும் புரதம், சாயத்தை உடைக்கும் பாக்டீரியாவுக்கே சாப்பாடாகும். ஒன்றின் கழிவு இன்னொன்றுக்குத் தீனி.

இரண்டு, உலோகம் கலந்த சாயங்களைப் பட்டறைக்குள் நுழையும் முன்பே நிறுத்த வேண்டும். பாக்டீரியா தின்னாததை உள்ளே விட்டுவிட்டுப் பாக்டீரியாவைக் குறை சொல்லக்கூடாது.

மூன்று, எந்த டெண்டரானாலும் இருபது வருஷ ஓட்டும் செலவோடு சேர்த்தே ஒப்பிட வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று எழுதாத திட்டத்துக்கு அடிக்கல் நாட்டக்கூடாது. கரண்ட் மீட்டர் என்ன காட்டுகிறது என்பதை நிலையத்து வாசலில் தினமும் எழுதிப் போட வேண்டும். மோட்டார் ஓடியதா இல்லையா என்று மீட்டர் பொய் சொல்லாது.

நான்கு, காசு யார் கொடுப்பது? இதில்தான் எல்லோரும் சாயக்காரரைப் பார்க்கிறார்கள். வெந்நீர் ஆவியில் நின்று நூலைப் புரட்டிப் புரட்டிக் கை நிறம் மாறிப்போன மனிதரை! ஒரு கணக்குப் போடலாம். ஒரு கிலோ பட்டை அவித்து, சாயம் போட்டு, அலச நூறு லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சுத்தம் செய்ய லிட்டருக்கு 20 பைசா, அதாவது ஆயிரம் லிட்டருக்கு 200 ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 ரூபாய். ஒரு புடவையில் ஒரு கிலோ பட்டுகூட இருக்காது. பத்தாயிரம் ரூபாய்ப் புடவைக்கு ஜி.எஸ்.டி. மட்டும் 500 ரூபாய் கட்டுகிறார்கள். கணக்கு இரண்டு மடங்கு தப்பாக இருந்தாலும் 40 ரூபாய்தான். கடையில் கொடுக்கும் கட்டைப் பை அந்த விலை இருக்கும்.

அந்த இருபது ரூபாயைப் பில்லில் தனியாகப் போட்டு, கூட்டுறவுச் சங்கங்களிடமும் கடைகளிடமும் வசூலித்து, வேறு எதற்கும் தொடமுடியாத தனிக் கணக்கில் வைத்தால் போதும். 2005-இல் புவிசார் குறியீடு வாங்கிய பட்டு இது. ஊர்ப் பெயரை வைத்து விற்பவர்கள் ஊர்த் தண்ணீருக்குக் காசு கொடுப்பது தர்மம் அல்ல, கடன். கல்யாணப் பெண்ணுக்குக் கூறைப்புடவை எடுக்க வந்து ஆயிரங்களில் பேரம் பேசும் குடும்பத்துக்கு இருபது ரூபாய் பெரிதா? நத்தப்பேட்டைக்காரரின் கிணற்றுத் தண்ணீர்தான் அந்த இருபது ரூபாயை இத்தனை நாளாகக் கட்டிக்கொண்டிருக்கிறது.

இதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய ஞானமும் இல்லை. இதே மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 921-இல் வெட்டியது. தேர்தல் பெருமை பேசும் எல்லோரும் குடவோலையைச் சொல்வார்கள். அதே கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஆறு பேர் கொண்ட குழு இருப்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். 360 நாள் பதவி, அடுத்த வருஷம் வேறு ஆறு பேர். ஏரியை வெட்டியதோடு வேலை முடிந்தது என்று அவர்கள் நினைக்கவில்லை. வருஷா வருஷம் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தார்கள்.

ஆயிரத்து நூறு வருஷம் கழித்து அதே மண்ணில் கட்டுவதற்கு ஆள் இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அத்திவரதர் அடுத்து வெளியே வருவது 2059-இல். அன்றைக்கும் அனந்தசரஸ் குளத்துத் தண்ணீர் சுத்தமா என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். அதற்குள் ஒரு முறையாவது நத்தப்பேட்டை ஏரிக்காகவும் யாராவது கேட்டுவிட்டால் நல்லது.